தையல் ஆறும் வரை பொம்மியின் தட்டு

எங்கள் நாய் பொம்மிக்கு மேல் தாடையில், வலது பக்கத்துப் பெரிய பல்லை எடுத்துவிட்டார்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அதில் ஒன்று போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால் இது கறியைக் கத்தரிபோல் வெட்டுவதற்கென்றே அமைந்த பல். ஆழமாக மூன்று வேர்கள் இறங்கியிருக்கும். கெட்டியான எதையாவது கடிக்கும்போது பிளந்துகொள்வதும் பெரும்பாலும் இதே பல்தான். பிளவு உள்ளே இருக்கும் நரம்பு வரை போய்விட்டால், கிருமி வேர் வழியாக ஏறிக் கண்ணுக்குக் கீழே வீக்கமாகக் காட்டும். பொம்மிக்கும் அப்படித்தான் தெரிய வந்தது. முழு மயக்கம் கொடுத்து, ஈறைத் திறந்து, பல்லைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேரையும் தனியாக வெளியே எடுத்து, ஈறை இழுத்து மூடித் தைத்தார்கள். தானாகக் கரைகிற தையல்.

பல் போய்விட்டது, மெல்ல முடியாது, அதனால்தான் குழைவான சாப்பாடு என்று பலரும் நினைக்கிறார்கள். நாய் நம்மைப் போல அரைத்து அரைத்துச் சாப்பிடுகிற பிராணி இல்லை. வாயில் கிடைத்ததை இரண்டு கடி கடித்து விழுங்கிவிடும். பல்லே இல்லாத நாய்கள்கூட வயிறாரச் சாப்பிட்டு நன்றாக இருக்கின்றன. குழைவான சாப்பாடு அந்தத் தையலுக்காக. கெட்டியான ஒரு துண்டு ஈறில் குத்தினால் தையல் பிரிந்துவிடும். பிரிந்த இடத்தில் துணுக்கு போய் அடைந்தால் புண் ஆறாது. "இரண்டு வாரம் கெட்டியா எதுவும் வாயில போகக் கூடாது. அது எவ்வளவு கேட்டாலும் சரி" என்றார் டாக்டர். கடைசியாகச் சொன்னதன் அர்த்தம் வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது.

முதல் நாள் ராத்திரி பெரிதாக ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. மயக்க மருந்தால் குமட்டல் இருக்கும். வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வைத்தேன். அறுவை சிகிச்சையின்போது தாடை மரத்துப்போக ஊசி போட்டிருப்பார்கள். அந்த உணர்வு திரும்பச் சில மணி நேரம் ஆகும். அதுவரை சூடு தெரியாது என்பதால் ஆறிய சாப்பாடுதான். எச்சிலில் லேசாகச் சிவப்பு கலந்து வந்தது. முதல் நாள் அது இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். விடாமல் சொட்டினால்தான் உடனே கூப்பிட வேண்டும்.

அன்றைக்கே ஒன்று கவனித்தேன். கிண்ணத்தில் குவித்து வைத்தால் பொம்மி மூக்கை முட்டி, வாயால் அள்ளப் பார்க்கிறது. அதே சாப்பாட்டை அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி வைத்தால், தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு நாக்காலேயே வழித்துச் சாப்பிட்டுவிடுகிறது. தைத்த பக்கம் எதுவும் அழுத்தவே இல்லை. அப்புறம் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

என்ன கொடுப்பது என்பதில் என் முடிவு ஒன்றுதான்: அது தினமும் சாப்பிடுகிற அதே டிரை ஃபுட், ஊறவைத்து. பரிதாபப்பட்டு ஏதாவது விசேஷமாகச் செய்து போடத்தான் கை போகும். ஆனால் சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். ஏற்கெனவே மருந்து வேறு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. பழகிய சாப்பாடு என்றால் அந்தக் கவலை இல்லை, சத்தும் குறையாது.

ஊறவைப்பதில்தான் கவனம் வேண்டும். சாப்பாடு மூழ்கி, அதற்கு மேலும் நிற்கிற அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துண்டும் உப்பி, தொட்டால் மெத்தென்று இருக்கும். ஆனால் நடுவில் ஒரு கெட்டித் துணுக்கு மிச்சமிருக்கும். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கிப் பார்ப்பேன். விரலில் மணல் மாதிரி எதுவும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்ச நேரம். பிறகு முள்கரண்டியால் மசித்துவிடலாம். ஊறிய சாப்பாடு சீக்கிரம் கெட்டுப்போகும். நாய் மிச்சம் வைத்தால் எடுத்துக் கொட்டிவிட வேண்டும், அடுத்த வேளைக்கு என்று வெளியே வைக்கக் கூடாது.

சாப்பிட மாட்டேன் என்று முரண்டு பிடித்தால், எலும்பில்லாத கோழிக்கறியை வேகவைத்த தண்ணீரில் ஊறவைக்கலாம். வாசனைக்கே தட்டுக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரில் உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம், அவை வெந்து இறங்கிய தண்ணீரும் சேரவே கூடாது. கடையில் வாங்கும் சூப் கட்டிகளில் பெரும்பாலும் வெங்காயப் பொடி இருக்கும். டின் உணவு கொடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம்: அதில் பொதுவாக முக்கால் பங்கு தண்ணீர். டிரை ஃபுட் வைக்கிற அதே அளவு வைத்தால் நாய்க்குப் பசி அடங்காது. லேபிளைப் பார்த்து அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மசித்த உணவில் ஒரு சின்ன உருண்டை பிடித்து அதற்குள் வைத்துவிட்டால் போதும். வேர்க்கடலை வெண்ணெயில் வைத்துக் கொடுப்பவர்கள், அதில் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கொஞ்சம் போனாலே நாய்க்கு உயிராபத்து. நாய் சாப்பிடவே இல்லையென்றால் வெறும் வயிற்றில் மாத்திரையைத் திணிக்காமல் டாக்டருக்கு போன் செய்வதுதான் நல்லது. நாம் சாப்பிடுகிற பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

உண்மையில் கஷ்டமான கட்டம், நாய் தேறின பிறகுதான் வருகிறது. மயக்கம் முழுசாகத் தெளிந்து, வலி மாத்திரையும் வேலை செய்ய ஆரம்பித்ததும், பொம்மி பழையபடி வாலை ஆட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்குக் கீழே வீக்கமும் வடிந்துவிட்டது. அப்பா கையில் பிஸ்கட்டோடு வந்தார்.

"நல்லாத்தானே சாப்பிடுது, நீயே பாரும்மா. ஒண்ணே ஒண்ணு குடுத்தா என்ன?"

"வேண்டாம்ப்பா. பசி வந்திருச்சு, தையல் இன்னும் ஆறல. ரெண்டும் வேற வேற."

அவருக்கு மனசு கேட்கவில்லை. பொம்மியின் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் கேட்கும்? அதனால் ஊறவைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றுவார், விரலால் நசுக்கிப் பார்ப்பார், "இன்னும் ஆகல" என்று மறுபடியும் மூடி வைப்பார். அதற்குப் பிறகு வீட்டில் பிஸ்கட் பேச்சே எழவில்லை. வீட்டுக்குள் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் இந்த விதி தெரிந்திருக்க வேண்டும். பாசத்தால் நீட்டுகிற கைதான் தையலைப் பிரித்துவிடுகிறது.

கயிறு இழுக்கிற விளையாட்டு, பந்து, குச்சி எல்லாவற்றையும் எடுத்து ஒளித்து வைத்தோம். நடக்கக் கூட்டிப்போகும்போது வழியில் கிடக்கிற கல்லையும் எலும்பையும் வாயில் கவ்வாதபடி கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டேன். தினமும் வெளிச்சத்தில் உதட்டை மட்டும் லேசாகத் தூக்கி ஒரு பார்வை. வாயை விரித்துப் பார்த்தால் ஈறு இழுபடும். மறுபடியும் வீக்கம், கெட்ட வாடை, முன்னங்காலால் வாயைத் தேய்ப்பது, சாப்பிடும்போது தும்மல், ஒரு பக்க மூக்கில் மட்டும் ஒழுகுவது, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். நாய் வலியை வெளியே காட்டாது, சாப்பிடுகிறதே என்று சமாதானம் ஆகிவிட முடியாது.

மறு பரிசோதனையில் ஈறு ரோஸ் நிறத்தில் மூடியிருந்தது. டிரை ஃபுட்டை நனைக்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறோம். கடிக்கக் கொடுக்கிற சாமான்களுக்கு டாக்டர் ஒரு சோதனை சொன்னார்: கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் அது பல்லைப் பிளக்கிற அளவுக்குக் கெட்டி. அலமாரியில் இருந்த மான்கொம்பிலும் காய்ந்த எலும்பிலும் நகம் இறங்கவில்லை. இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டோம்.