11 வருடம் இறுகிக் கிடந்த பிரேக்

அப்பா கடைசியாக வண்டியை ஷெட்டில் விட்டபோது, வழக்கம்போல ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்கினார். 11 வருடம் கழித்து நான் அதை இறக்கினேன். லீவர் இறங்கியது, வண்டி நகரவில்லை. மூன்று பேர் தள்ளியும் பின்சக்கரங்கள் தரையைத் தேய்த்தனவே தவிர உருளவில்லை.

எஞ்சினைக் கிளப்பி, கியர் போட்டு ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். பிரேக் ஷூவின் மேலிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் பிய்ந்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் சிக்கினால் வேலை இரட்டிப்பாகிவிடும்.

சக்கரங்களைக் கழற்றி, ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தி, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் அட்ஜஸ்டருக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு அப்படியே விட்டேன். லைனிங்கில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. காலையில் அட்ஜஸ்டர் சுற்றியது. மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டத் தட்ட வலது டிரம் வந்துவிட்டது. இடதுபக்கம் இரண்டு நாள் எடுத்தது. டிரம்மின் முகத்தில் இருந்த இரண்டு மரை ஓட்டைகளில் போல்ட் போட்டு, இதைக் கால் சுற்று, அதைக் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினேன். திடீரென்று ‘டக்’கென ஒரு சத்தம். டிரம்மின் உட்புறத்தில் ஷூவின் நீளத்துக்கு ஒரு துரு அச்சு, ஆணியின் வரிசைகூடத் தெரிந்தது.

உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி போட்டுக்கொண்டு ஈரத்துணியால்தான் துடைத்தேன்.

அப்புறம், ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர். ரப்பர் மூடியை விலக்கியதும் காபிப்பொடி நிறத்தில் சேறு வழிந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அந்தத் தண்ணீர்தான் பிஸ்டனைத் துருவோடு பிணைத்துவிடுகிறது. வலது பிஸ்டன் பெடலை மெதுவாக அமுக்கியதுமே வெளியே வந்தது. இடது அசையவில்லை. சிலிண்டரைக் கழற்றி, கிரீஸ் கன்னைப் பொருத்தி அழுத்தித்தான் எடுத்தேன். உட்சுவரில் நகத்தை ஓட்டினால் குழியில் மாட்டியது. அப்படி இருந்தால் தேய்த்துச் சரிசெய்ய முயல்வதில் அர்த்தமில்லை, புது ரப்பர் வாஷர் போட்டாலும் கசியும். இரண்டு பக்கமும் புது சிலிண்டரே போட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று பெடலை மிதித்தேன். அதுவரை நன்றாகச் சுற்றிய முன் இடது சக்கரம் பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டது! அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் மேல்முனையைத் தளர்த்தினேன், விடவில்லை. சக்கரத்தின் பக்கம் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் விட்டது. அப்படியென்றால் அடைப்பு நடுவில் இருக்கும் ஹோஸில்தான். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்ரப்பர் உப்பி, ஊசி நுழையும் அளவு துளைதான் மிச்சம். மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போகிறது, திரும்பி வர வழியில்லை. பார்வைக்கு நன்றாக இருந்த மற்ற ஹோஸ்களையும் அன்றே மாற்றினேன்.

பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, புது டாட் 4 வகை பிரேக் ஆயில் ஊற்றி, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுத்தேன், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினேன். பெடலைத் தரைவரை மிதிக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் பல வருடம் ஓடாத பகுதியில் துரு இருந்தால் உள்ளே வாஷர் கிழிந்துவிடும்.

இப்போது ஒற்றை விரலால் தள்ளினால் நான்கு சக்கரமும் சுற்றுகிறது. ஷெட்டில் நிறுத்தும்போது கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கிறேன். ஹேண்ட் பிரேக் லீவர் கீழேயே இருக்கிறது.