ஆறட்டும்: அப்பாவின் பட்டறையில் சில நாட்கள்

2 நவம்பர் 2025, ஞாயிறு

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய சின்னப் பட்டறையை இன்றுதான் திறந்தேன். தம்பி இரண்டு முறை கேட்டும் நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று காலை அம்மா சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. கட்டிங் ஆயில், இரும்புத்தூள், பழைய பனியன் துணி. உலோகம் கடையும் இயந்திரமான லேத் மேல் ஒரு போர்வை போர்த்தியிருந்தது. அவரேதான் போர்த்தியிருப்பார்.

மேஜை டிராயரில், நுண்ணிய அளவு எடுக்கும் கருவியான மைக்ரோமீட்டரின் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தேன். எண்ணெய் தடவி, மெல்லிய துணி சுற்றி வைத்திருந்தார். இரண்டு முனைகளுக்கும் நடுவே சின்ன இடைவெளி. எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த விஷயம் அது. "வாயை மூடி வைக்கக் கூடாது. சூட்டுல நீளும்போது முனையும் முனையும் நெருக்கிக்கும். உள்ளே ஈரம் நின்னாலும் துருப்பிடிக்கும்." கடைசியாக அதைத் தொட்ட அன்றும் அவர் மறக்கவில்லை.

கோட்டைப் படித்தேன். 1.50 மில்லிமீட்டர். எதையும் அளந்த அளவு அல்ல, சும்மா திறந்து வைத்த இடைவெளிதான். இருந்தாலும் திருகை அசைக்க மனம் வரவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

4 நவம்பர், செவ்வாய்

அப்பா டர்னர். 19 வயதில் லேத் முன்னால் நின்றவர், 58 வயது வரை நின்றார். வேலை என்னவென்று யாராவது கேட்டால் "கடைசல் வேலை" என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் விளக்க மாட்டார்.

எனக்குச் சின்ன வயதில் பிடித்தது சுருள்கள்தான். எஃகைச் சீவும்போது நீளமாகச் சுருண்டு வரும், சூட்டில் நீல நிறம் ஏறியிருக்கும். பித்தளை மணல் மாதிரி தெறிக்கும். வார்ப்பிரும்பு கறுப்புத் தூளாகக் கொட்டும். குப்பைத் தட்டைப் பார்த்தே அன்றைக்கு என்ன உலோகம் ஓடியது என்று சொல்லிவிடுவேன். நீலச் சுருளைக் கையால் எடுக்க மட்டும் விட மாட்டார். பார்க்க ரிப்பன் மாதிரி இருந்தாலும் ஓரம் பிளேடு.

அவருக்குக் காதுதான் முதல் கருவி. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கையை உயர்த்தி, "டூல் மழுங்கிடுச்சு" என்பார். எங்களுக்கு எந்த வித்தியாசமும் கேட்டிருக்காது. நிறுத்திப் பார்த்தால் மழுங்கித்தான் இருக்கும்.

அவர் வாயில் அதிகம் வந்த சொல் 'ஆறட்டும்'. சீவி முடித்த ஜாபை, அதாவது கடைந்த துண்டை, உடனே அளக்க மாட்டார். 100 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் நீளும், அதாவது மைக்ரோமீட்டரில் ஒரு கோட்டுக்கு (0.01 மில்லிமீட்டர்) சற்று மேல். சீவிய சூட்டில் 30 டிகிரி ஏறியிருந்தால் மூன்று கோடு. சூட்டோடு அளந்து, சரியாக இருக்கிறது என்று இறக்கிவிட்டால், ஆறிய பிறகு அளவு குறைந்து நிற்கும். "கூட இருந்தா சீவிக்கலாம். குறைஞ்சதை எங்கே போய் ஒட்டுறது?"

5 நவம்பர், புதன்

முழு நிலா, இந்த வருஷத்திலேயே பெரியது. தெருவே மாடியில் நிற்கிறது. அப்பாவுக்கு முழு நிலாவைத் தொலைநோக்கியில் பார்க்கப் பிடிக்காது. வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, பள்ளமெல்லாம் தட்டையாகத் தெரியும். அரை நிலாவில்தான் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் எழுந்து நிற்கும் என்பார். இன்று தொலைநோக்கியை எடுக்கவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

இன்று அம்மா பட்டறைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லேத்தில் ஜாபைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் பாகம் சக்; அதை இறுக்கும் சக் சாவி கையில் வந்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டேன். அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

1998ல் எனக்கு 14 வயது. அப்பா இந்தப் பழைய லேத்தை வாங்கிப் பழுது பார்த்து ஓட வைத்திருந்த நேரம். எனக்கும் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் பாடம் முழுக்கச் செய்யக் கூடாதவைதான். முழுக்கை சட்டை கூடாது, மோதிரம் கூடாது, கையுறை கூடாது, பின்னலைத் தொங்க விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், சக் சாவியிலிருந்து கையை எடுக்கிறாய் என்றால் சாவி சக்கை விட்டு வெளியே இருக்க வேண்டும். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அது யார் மேல் பறக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு மாலை நான் ஜாபை இறுக்கினேன். தம்பி வாசலில் இருந்து ஏதோ கேட்டான். திரும்பிப் பதில் சொன்னேன். சாவி சக்கிலேயே நின்றது. என் விரல் சுவிட்சுக்குப் போனது. அதற்குள் அப்பாவின் உள்ளங்கை சுவிட்சை மூடிக்கொண்டது. என் விரல் அவர் புறங்கையில்தான் அழுந்தியது. அந்தத் தோலின் சொரசொரப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

அவர் கத்தவில்லை. சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார், மெயினை அணைத்தார், வெளியே போய்த் திண்டில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போய் "அப்பா" என்றேன். "ஆறட்டும்மா" என்றார். அவ்வளவுதான். அரை மணி நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தார். பெரிய கோபம், இனிமேல் லேத் பக்கமே விட மாட்டார் என்று நினைத்து அழுதேன். பிறகு உள்ளே கூப்பிட்டு, முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கே, அதே ஜாபை என்னையே கடைய வைத்தார்.

அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கோபமா? உங்கப்பாவுக்குக் கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. அதை நீ பார்க்கக் கூடாதுன்னுதான் வெளியே வந்து உட்கார்ந்தார். தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன், டம்ளரைப் பிடிக்க முடியலை."

இருபத்தேழு வருஷமாக இது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வரை வேறு எதுவும் செய்யவில்லை. 39 வருஷம் இயந்திரத்தின் முன் நின்று பத்து விரலோடு வேலையை விட்டு வந்தவர் அப்பா. கல்யாண மோதிரத்தைக் கூட அலமாரியில்தான் வைத்திருந்தார். "பத்து விரலோட வீட்டுக்கு வரேன்னு உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன்" என்பார். அவர் எங்களுக்காக எதையெல்லாம் விட்டார் என்று பெரிய பட்டியல் போட எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் கவனமாக இருந்தார், அது எனக்குத் தெரியும்.

12 நவம்பர், புதன்

வீட்டில் குழாய், கதவு, அலமாரி எல்லாவற்றிலும் பித்தளைக் குமிழ் இருக்கிறது. அம்மாவுக்கு விரல் மூட்டு வலி வந்த வருஷம் அப்பா கடைந்து போட்டவை. முதலில் வழவழப்பாகக் கடைந்தார். ஈரக் கை வழுக்கியது. அப்புறம் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டுபோய் நர்லிங் போட்டார், சாய்சதுரக் கட்டம் கட்டமாக. அதுவும் முதல் தடவை குத்தியது என்று அம்மா சொன்னதால், முனையை எமரித் தாளால் தேய்த்து மழுக்கினார்.

இன்று காலை குழாயைத் திருகும்போது கவனித்தேன். அம்மாவின் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் கட்டங்கள் தேய்ந்து மங்கிவிட்டன.

16 நவம்பர், ஞாயிறு

தொலைநோக்கியைப் பற்றி எழுதாமல் அப்பாவைப் பற்றி எழுதி என்ன பயன்.

1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்மீன் துண்டு துண்டாக வியாழன் மேல் மோதியது. மோதிய இடங்களில் கறுப்புத் தழும்புகள் விழுந்தன என்றும், சின்னத் தொலைநோக்கியிலேயே அவை தெரிந்தன என்றும் அப்பா படித்தார். நமக்குப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று மாய்ந்துபோனார். பிறகு ஒரு நாள் இரண்டு தடித்த கண்ணாடி வட்டுகளோடு வந்தார். 150 மில்லிமீட்டர் விட்டம். அவற்றில் ஒன்றைத் தேய்த்துத் தொலைநோக்கிக்கான குழி ஆடியாக்க.

ஒரு டிரம் மேல் ஒரு வட்டைப் பதித்து, நடுவில் கார்போரண்டம் என்ற அரைக்கும் தூளும் தண்ணீரும் விட்டு, மற்ற வட்டை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி நடப்பார். கையில் இருக்கும் வட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது குவியும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும், எப்படித் திருப்பினாலும், முழுதாக ஒட்டி நிற்கக்கூடிய வடிவம் கோளம் ஒன்றுதான். அதனால் தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி தானாகவே கோளத்துக்குப் போகிறது. வாழ்நாள் முழுக்க இயந்திரத்தை நம்பியவருக்கு இது தீராத ஆச்சரியம். "சக் இல்லை, பெட் இல்லை, வெறும் கை! எப்படி வருது பார்!"

80ஆம் நம்பர் தூளில் தொடங்கி 120, 220, 400, 600 என்று நைசாக இறங்கினார். கடைசியில் தார் மாதிரியான பிட்ச் வார்த்து, சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத் தூள் போட்டு மெருகு. வேலை முடிந்து வந்து இரவில்தான் இதெல்லாம். நானும் தம்பியும் கூடவே டிரம்மைச் சுற்றி நடப்போம். இத்தனை மாத உழைப்பில் நடுவில் விழுந்த குழியின் ஆழம் ஒரு மில்லிமீட்டரும் சொச்சமும்தான்.

பிறகுதான் உண்மையான வேலை. வெளிச்சம் முழுவதும் ஒரே புள்ளியில் குவிய, கோளத்தைப் பரவளையமாக்க வேண்டும். வித்தியாசம் ஒரு மைக்ரானிலும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும், குறைவு, மைக்ரோமீட்டருக்கு அங்கே வேலையே இல்லை. 1858ல் ஃபிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ கண்டுபிடித்த சோதனைதான் வழி. சின்ன ஒளிப்புள்ளியை ஆடியில் பட வைத்து, திரும்பி வரும் வெளிச்சத்தைக் கத்தி முனையால் மெல்ல வெட்டினால், ஆடியின் மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். ஒரு முறை அப்பா என் கட்டைவிரலை ஆடி மேல் ஒரு நிமிஷம் வைக்கச் சொன்னார். எடுத்துவிட்டுப் பார்த்தால் விரல் பட்ட இடம் குன்று மாதிரி வீங்கி நின்றது. என் உடம்புச் சூட்டில் கண்ணாடி உப்பியிருந்தது. அது மெல்ல அடங்குவதை நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துப் பார்த்தோம். அடங்கும் வரை அப்பா அளவு எடுக்கவில்லை.

1996ல் தொலைநோக்கி முடிந்தது. காட்சியின் தெளிவைச் சரிசெய்யும் ஃபோகஸரின் பித்தளைக் குழாயும் குமிழும் லேத்தில் கடைந்தவை. அடுத்த வருஷம் ஹேல்-பாப் வால்மீன் வந்தபோது தெருப் பிள்ளைகளெல்லாம் எங்கள் மாடியில்தான் இருந்தார்கள்.

17 நவம்பர், திங்கள்

அவருடைய வானக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். தேதி, நேரம், வானம் எப்படி, என்ன தெரிந்தது. ஒவ்வொன்றும் இரண்டே வரி. 2009 ஜனவரிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

"சனி. வளையம் ஊசி மாதிரி. பாப்பாவும் பார்த்தாள். மறுபடி 2025ல் இப்படி. பார்க்கணும்."

அந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. நள்ளிரவு தாண்டி எழுப்பினார். சனியின் வளையம் ஏறக்குறைய 15 வருஷத்துக்கு ஒரு முறை நமக்கு விளிம்பைக் காட்டும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் அகலமானது, தடிமன் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். அதனால் கோடாகி, மறைந்தே போகும். 1612ல் கலிலியோவே பார்த்துத் திகைத்தார் என்று மாடிப்படி ஏறும்போது சொன்னார். கலிலியோவுக்கு அது வளையம் என்றே தெரியாது. இரண்டு வருஷம் முன்பு பக்கத்தில் பார்த்த ஏதோ ஒன்று காணாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் மார்ச்சில் வளையம் மறைந்தது. அப்போது சனி சூரியன் பக்கத்தில் இருந்ததால் பார்க்க வழியில்லை. "நவம்பர்ல மறுபடி மெல்லிசாகும், அப்போ பார்த்துக்கலாம்" என்று படுக்கையில் இருந்தபடி சொன்னார். ஏப்ரலில் போய்விட்டார்.

23 நவம்பர், ஞாயிறு

மூன்று நாள் பிறை மேற்கே தாழ்ந்துவிட்டது. தம்பி குழாயைத் தூக்கி வந்தான், நான் ஆடியைக் கொண்டுவந்தேன். அம்மா படி ஏற நேரமானாலும் வந்துவிட்டார்.

"பார்க்கலாமா?" என்றார்.

"கண்ணாடி ஆறட்டும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தம்பி அப்பாவைப் பற்றி நிறையப் பேசினான். அம்மா சிரித்தார்.

கண் வைத்துப் பார்க்கும் 10 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டு, 120 மடங்கில், அந்தப் பித்தளைக் குமிழை மெல்லத் திருகினேன். சனி சிறுத்துத் தெளிந்து நின்றது. இரண்டு பக்கமும் மயிரிழை போல ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு நொடி காணாமல் போய், மறுபடி வந்தது.

அம்மாவுக்கு முதலில் தெரியவில்லை. குமிழை அவர் கையில் கொடுத்து நீங்களே திருகுங்கள் என்றேன். அதுவும் முனை மழுக்கிய நர்லிங்தான். கொஞ்ச நேரம் திருகிக்கொண்டே இருந்தவர், "ஆமா, கோடு" என்றார். கண்ணை எடுக்கவில்லை.

குறிப்பேட்டில் 2009 பக்கத்தின் கீழே இடம் இருந்தது. எழுதினேன்:

"23-11-2025, இரவு 8.10. வானம் தெளிவு. சனி. வளையம் மயிரிழை. அம்மா, நான், தம்பி பார்த்தோம். அடுத்தது 2038."