மண் பாத்திர வகுப்பு: எட்டாவது வாரம், வெடித்த யானை

மதுரையில் எங்கள் வீட்டு மாடித் தகர ஷெட்டில் ஒரு மின் சக்கரம், ஒரு சின்ன மின்சூளை, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். சனிக்கிழமைதோறும் நாலு பேர் மண் வேலை கற்க வருகிறார்கள். சக்கரம் ஒன்றுதான். ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் மண் பிசைவார்கள், பாதி நேரம் கதைதான்.

முதல் சிக்கல் எனக்குத்தான். அரை கிலோ மண்ணைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துவது எனக்குக் கைப்பழக்கம். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "நல்லா அழுத்துங்க" என்றேன். ஒரு அக்கா அழுத்தினார், மண் ஷெட் சுவருக்குப் போனது. அன்றிரவு நான் செய்வதையே போனில் படம் எடுத்துப் பார்த்தேன். என் இடது முழங்கை தொடையில் ஊன்றியிருக்கிறது. கை அசைவதே இல்லை, உடம்பின் எடைதான் சாய்கிறது. இன்னொன்று, கையை எடுக்கும்போது மெதுவாக எடுக்கிறேன். வெடுக்கென்று எடுத்தால் நின்ற மண்ணும் மறுபடி ஆடும். அடுத்த வாரம் இதைச் சொன்னதும் அக்காவுக்குப் பத்து நிமிடத்தில் மண் நின்றுவிட்டது. நான் இதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன்!

போன வாரம் சூளையில் யானை வெடித்தது. பத்து வயதுப் பையன் செய்தது, நாலு கால்களும் கெட்டி மண். மேலே வெளுத்திருந்தது, காய்ந்துவிட்டது என்று நான்தான் உள்ளே வைத்தேன். மழை மாதம் வேறு. சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துவிட்டது. மண்ணில் காற்று இருந்தால் வெடிக்கும் என்று பலர் சொல்வார்கள், பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். கூட இருந்த இரண்டு டீ கப்பும் போச்சு.

மானாமதுரையில் பானை வனைவதைப் பார்த்தது அப்போது ஞாபகம் வந்தது. சக்கரத்திலிருந்து எடுக்கும்போது பானைக்கு அடியே இருக்காது. பிறகு உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடுவார்கள். எங்கும் ஒரே கனம், ஒன்றுபோலக் காயும். நான் அதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இனி சூளையை 90 டிகிரியில் மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டுத்தான் ஏற்றுவேன். 573 டிகிரியை ஒட்டியும் அவசரம் கிடையாது. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் அங்கே திடீரென விரியும், ஆறும்போது சுருங்கும், அவசரப்பட்டால் விரிசல் விழும். கரன்ட் பில் ஏறத்தான் செய்யும்.

பையனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தும்பிக்கை கிடைச்சுதா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டான். கிடைத்தது, கொடுத்தேன். இரண்டாவது யானைக்கு வயிற்றைக் குடைந்தாயிற்று. காலையும் குடையச் சொன்னால், "அப்புறம் அது எப்படி நிக்கும்?" என்கிறான். பேசிப் பேசி, பாதத்திலிருந்து பென்சிலால் துளை போட ஒத்துக்கொண்டான். இப்போது அலமாரியில் காய்கிறது. தினமும் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன், இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது, உள்ளே ஈரம் போகவில்லை.