வாங்கியது புத்தகமா, வெறும் திறப்பா?

திருகோணமலையில் அச்சுப் புத்தகத்தின் எதிரிகள் கண்ணுக்குத் தெரியும்: வாடைக்காற்றோடு வரும் ஈரம், பூஞ்சணம், கறையான். அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். மின்னூலுக்கு வரும் வியாதி வேறு. அது பூட்டு: வாங்கிய நூலைப் பிரதி எடுக்கவோ வேறு கருவியில் திறக்கவோ விடாத மென்பொருள் தடை (டி.ஆர்.எம்.).

சில கடைகளில் காசு கட்டியதும் இறங்குவது ஏ.சி.எஸ்.எம். என்ற சில கிலோபைட் கோப்பு. அது புத்தகமல்ல, துண்டுச்சீட்டு. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற வாசிப்புச் செயலியில் திறந்தால்தான் நூல் இறங்கும். அங்கே அடோபி கணக்கு இல்லாமலே கணினிக்கு அனுமதி கொடுக்கும் வழியும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம். நூல் அந்த ஒரு கணினியோடு கட்டுண்டுவிடும், ஃபோர்மட் செய்தால் போச்சு. கணக்கோடு திறந்தால் ஆறு கருவிகள் வரை. பழைய கணினியை விற்குமுன் அதே செயலியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தி அனுமதியை நீக்காவிட்டால் ஆறில் ஒன்று வீண்.

கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூ.எஸ்.பி. வழியாக ஏற்றும் வசதியை அமேசன் 2025 பெப்ரவரி 26இல் நிறுத்திவிட்டது. 2019இல் மைக்ரோசொஃப்ட் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் திறக்காமல் போயின. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உவர்மலையிலிருந்து நிலாவெளிக்கு ஒரு புத்தகத்தை பஸ்ஸில் இரவல் கொடுத்தனுப்பலாம். பூட்டிய மின்னூல் என்றால் கருவியையே கொடுத்தனுப்ப வேண்டும்!

எல்லாவற்றுக்கும் பூட்டைத் திட்டவும் கூடாது. நம்மூர்ப் பழைய பி.டி.எஃப்.களில் ஒரு பந்தியைப் பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குப்பையாக விழும். பலர் அதைப் பூட்டு என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பாமினி எழுத்துரு: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அக்ரோபட் ரீடரில் கன்ட்ரோல், டி அழுத்திப் பாருங்கள். பாதுகாப்புப் பகுதியில் பிரதி எடுக்க அனுமதியில்லை என்றிருந்தால் பூட்டு. எழுத்துருப் பட்டியலில் பாமினி என்றிருந்தால் அதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் மாற்றி போதும். மாற்றியபின் ‘கெ’, ‘கொ’, ‘கோ’ போலக் கொம்பு வரும் சொற்களைக் கண்ணால் சரிபாருங்கள். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படுகிறது, ஒருங்குறியில் பின்னால், பிசகுவது அங்கேதான்.

ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ (noolaham.org) தளத்து ஸ்கேன் பிரதிகளில் இரண்டு சிக்கலும் இல்லை. இலவசம், பூட்டில்லை, பென்டிரைவில் போட்டு யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் பக்கங்கள் படங்களாக இருப்பதால் பலவற்றில் சொல் தேட முடியாது. சின்ன போன் திரையில் பக்கத்தைப் பெரிதாக்கி இழுத்து இழுத்துத்தான் வாசிக்க வேண்டும்.