நான்காவது பாட்டில் தெளிந்தது

வீட்டிலேயே நான் கலந்த கொலோன் கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது. ஜன்னலில் வைத்து, பின்னால் செய்தித்தாளைப் பிடித்து, எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டேன். ஒரு மங்கல் இல்லை, அடியில் ஓர் எண்ணெய் முத்து இல்லை. மூன்று பாட்டில்களைக் கெடுத்த பிறகு நான்காவது கைகூடியிருக்கிறது. அந்த மகிழ்ச்சியில்தான் எழுதுகிறேன்.

நான் செய்ய நினைத்தது பழைய முறைக் கொலோன். 4711 என்ற ஜெர்மன் கொலோன் பாட்டிலைத் திறந்ததும் வருமே, அந்தக் குடும்பத்து வாசனை. எங்கள் வீட்டில் அதன் பெயர் ஓடிகொலோன். தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்தால் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவார்கள். எனக்கு அது சென்ட் இல்லை, மருந்து அலமாரியின் மணம். பின்னாளில் இந்தக் கொலோனை உருவாக்கிய ஃபாரினாவைப் பற்றிப் படித்தபோது, இத்தாலியில் பிறந்து ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய அந்த மனிதர் 1708-இல் தம் சகோதரருக்கு எழுதிய கடிதம் கண்ணில் பட்டது. தாம் கண்ட மணம் இத்தாலிய வசந்தகாலக் காலையையும், மழை ஓய்ந்த பின் வரும் ஆரஞ்சுப் பூ வாசத்தையும் நினைவூட்டுவதாக எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்றே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

‘அரை மணி நேரத்தில் பறந்துவிடுகிறது, காசு வீண்’ என்று இந்த வகையைக் குறை சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. பறப்பதுதான் அதன் வேலை. நூறு மில்லியில் மூன்று நான்கு மில்லி தைலம், அதிலும் பெரும்பகுதி ஆரஞ்சு, எலுமிச்சை வகை. அவை தோலில் தங்கும் சரக்கே இல்லை. தாராளமாகக் கொட்டிக்கொள்ள வேண்டும், மதியம் மறுபடி கொட்டிக்கொள்ள வேண்டும். விலை மலிவாக இருப்பது அதற்காகத்தான். துருக்கியில் வீட்டுக்கு வரும் விருந்தாளியின் உள்ளங்கையில் எலுமிச்சைக் கொலோன்யா ஊற்றுவார்கள். தொலைதூரப் பஸ்களிலும் பயணிகளுக்கு ஊற்றும் வழக்கம் உண்டு. நம் கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பதைப் போலத்தான். அங்கே யாரும் ‘எத்தனை மணி நேரம் நிற்கும்’ என்று கேட்பதில்லை.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். என்னை நான்கு மாதம் அலைக்கழித்தது தைலங்களின் அளவு இல்லை, கலவையைத் தெளிய வைப்பது. முதல் பாட்டிலில் 4 மில்லி தைலம், 96 சதவீத ஆல்கஹால் 70 மில்லி, மீதி காய்ச்சி வடித்த நீர். கடைசி 10 மில்லி தண்ணீர் போனபோது மொத்தமும் பால். ஆல்கஹால் 67 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஆரஞ்சுத் தைலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருக்கும் லிமோனீன் அவ்வளவு தண்ணீரில் கரைந்து நிற்காது. துருக்கிக்காரர்கள் பாட்டிலில் ‘80 டிகிரி’ (80 சதவீத ஆல்கஹால்) என்று போடுவதன் அருமை அன்றுதான் புரிந்தது.

இரண்டாவதில் ஆல்கஹாலை 82 மில்லி ஆக்கினேன். பால் ஆகவில்லை. ஆனால் மறுநாள் அடியில் கடுகளவு முத்துகள் உருண்டுகொண்டிருந்தன. இதைத்தான் நான் இரண்டு வாரம் தவறாகப் புரிந்துகொண்டேன். தண்ணீர் அதிகம் என்று நினைத்து ஆல்கஹாலை மேலும் மேலும் ஊற்றினேன், முத்து போகவே இல்லை. பிறகு ஒவ்வொரு தைலத்தையும் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். ரோஸ்மேரி, பெட்டிகிரேன் (கசப்பு ஆரஞ்சு இலைத் தைலம்), லாவெண்டர் எல்லாம் மறுநாள் காலையில் சுவடு தெரியாமல் போயிருந்தன. பெர்கமாட் (எலுமிச்சை வகைப் பழம் ஒன்றின் தோல் தைலம்) என்று வாங்கியது மட்டும் மூன்றாம் நாளும் வடை வைத்த தாள் போல மினுமினுத்தது. ஏதோ சமையல் எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் சாராயத்தில் கரையாது, அதைவிடக் கனம், அதனால்தான் அடியில் போய் உட்கார்ந்தது. விற்றவரிடம் கேட்டேன், ‘இயற்கைச் சரக்கு சார், அப்படித்தான் இருக்கும்’ என்றார். இத்தாலியின் கலாப்ரியாவில் விளைவதைக் கால் விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால் நான் அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தாளில் சொட்டு வைக்காமல் இனி எதையும் வாங்குவதில்லை. பெர்கமாட் வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள்: ஃபியூரோகூமரின் என்ற, வெயில் பட்டால் தோலைப் பாதிக்கும் பொருளை நீக்கியதாக இருக்கட்டும். நீக்காததைப் பூசிக்கொண்டு நம் ஊர் வெயிலில் போனால் தோல் கருகிவிடும்.

மூன்றாவதற்கு நல்ல பெர்கமாட். அறையில் தெளிவாக இருந்தது. ஏசி அறையில் ஓர் இரவு வைத்தேன், காலையில் பாட்டிலுக்குள் புகை போல மெல்லிய மங்கல். பிழிந்தெடுத்த ஆரஞ்சுத் தைலத்தில் தோலின் மெழுகும் கொஞ்சம் வந்துவிடும், குளிரில் அது திரளும். எனவே நான்காவதை நானே வேண்டுமென்று குளிர வைத்தேன். இறுக மூடிய பாட்டிலை ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். ஃபிரிஜ்ஜில் வைக்காதீர்கள், ஆவி கசிந்தால் உள்ளே ஒரு பொறி போதும். திரண்டதை ஐஸில் இருக்கும்போதே காபி வடிதாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வடித்தேன். வடிதாளில் மஞ்சளாக ஒரு வழவழப்பு தங்கியது. அவ்வளவுதான் விஷயம், அதற்கு நான்கு மாதம்!

தண்ணீர் விடும் கட்டத்தை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள். நான் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு சொட்டாக விட்டேன். சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளை நூல் ஒன்று சுருண்டு இறங்கும், பாட்டிலை ஒரு சுற்றுச் சுற்றினால் மறையும். மறையும்வரை அடுத்த சொட்டு கூடாது. 14 மில்லி விட முக்கால் மணி நேரம் ஆனது. சாராயமும் தண்ணீரும் சேரும்போது பாட்டில் லேசாகச் சூடாகும், உள்ளங்கையில் அது தெரியும். நூல் மறையத் தயங்குகிறது என்றால் நிறுத்திவிடுங்கள், கணக்கில் எவ்வளவு பாக்கி இருந்தாலும் சரி.

மணம் எப்படி? முதல் ஐந்து நிமிடம் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளியது போல். பிறகு ரோஸ்மேரி தலைகாட்டுகிறது. 4711-இல் இருக்கும் மென்மை என்னுடையதில் இல்லை. நெரோலி எனும் ஆரஞ்சுப் பூத் தைலம் வாங்க வசதியில்லாமல் பெட்டிகிரேனை வைத்தே ஒப்பேற்றியதன் விளைவு, இலையின் கசப்பு கொஞ்சம் தூக்கல். ஆனால் ஒரே ஒரு துளி வெட்டிவேர்த் தைலம் விட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கைக்குட்டையை முகர்ந்தால் தண்ணீர்ப் பானையின் ஈரம் வருகிறது. அதை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு துளி விட்டவர்களுக்கு முழுப் பாட்டிலும் வேர்தான், கவனம்.

இன்னும் மூன்று வாரம் இருட்டில் ஊற வேண்டும், அதற்குள் அடுத்ததில் கை வைத்துவிட்டேன். பெட்டிகிரேன் என்பது கசப்பு ஆரஞ்சின் இலையும் இளங்கிளையும் வடித்ததுதானே? நம் நாரத்தை இலையை ஏன் ஊற வைக்கக்கூடாது என்று தோன்றியது. வேப்பிலைக்கட்டிக்கு வாங்கிய இலையில் ஒரு பிடி எடுத்து, நரம்பை உரித்து, ஆல்கஹாலில் போட்டிருக்கிறேன். இரண்டே நாளில் மணம் அபாரமாக இறங்கிவிட்டது, நிறம்தான் பாசிக்குளம் போல இருக்கிறது. சட்டையில் பச்சைக் கறை விடும். நிழலில் காயவைத்த இலையில் இந்தப் பச்சை குறையுமா என்று பார்க்க இன்னொரு பிடியை மாடி அறையில் பரப்பியிருக்கிறேன். மரிக்கொழுந்துத் தைலமும் 5 மில்லி சொல்லிவைத்திருக்கிறேன், வந்ததும் முதலில் தாளில் ஒரு சொட்டு.