மடுவத்துக்கு ஒரு முகவரி, வீட்டுக்கு ஒரு முகவரி

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடு, என் பொறுப்பு. வீடு கொட்டகலையில். சம்பளக் கணக்கை ஆபீஸ் நேரத்துக்குள் முடித்துவிட்டேன் என்று எந்தக் கிளார்க்காவது சொன்னால் நான் நம்பமாட்டேன். சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12 சதவீதம், அதற்குமேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம் என்று பெயர் பெயராகப் போகிற வேலை அது. அதனால் மாதக் கடைசியில் ஆபீஸ் மடிக்கணினி என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வரும். வந்தவுடன் இணையம் இல்லை என்று முரண்டு பிடிக்கும்.

வைஃபை அடையாளம் முழுதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. எங்கள் வீட்டில் இணையக் கோளாறு என்றால் முதல் பழி மழைமீது, அடுத்த பழி ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் 4ஜி ரவுட்டர்மீது. மகளின் கைபேசியில் அதே ரவுட்டரில் வகுப்பு தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, ரவுட்டரைத் திட்டி என்ன பயன்?

காரணம் இதுதான். வலையில் ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி என்று ஓர் எண் உண்டு. ஆபீஸ் சர்வர், தனக்குத் தெரிந்த முகவரிகளிலிருந்து வரும் கணினிகளை மட்டுமே உள்ளே விடும். ஆகவே என் கணினிக்கு 192.168.1.40 என்று நிலையான எண்ணைக் கையால் போட்டிருக்கிறார்கள். பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலையும் அதே சர்வருக்குத்தான். அதன் எண் 192.168.1.5. வீட்டு ரவுட்டரோ வருகிறவர்களுக்குத் தானே எண் கொடுக்கும் வகை. அதைத்தான் டிஎச்சிபி என்கிறார்கள். இதில் வேடிக்கை, வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1 வரிசையில்தான் இருக்கிறது, ஆபீஸைப் போலவே அதன் எண்ணும் 192.168.1.1. அதனால் கணினி பாதி வேலை செய்யும். கட்டளைச் சாளரத்தில், வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்குப் பிங் அடித்தால், அதாவது இருக்கிறாயா என்று கேட்டால், பதில் வரும். ஒரு தளத்தின் பெயரை அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். பெயரைக் கேட்க அது தேடிப்போகும் 192.168.1.5இல் எங்கள் வீட்டில் யாருமே இல்லை.

பழைய மடிக்கணினியில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. ஆபீஸில் கேபிள், வீட்டில் வைஃபை. முகவரி அமைப்பு கணினிக்கு உரியது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒவ்வோர் இணைப்பு அட்டைக்கும் தனித்தனி. கேபிளுக்குப் போட்ட எண் வைஃபையைத் தொடாது. புதுக் கணினி மெலிந்து வந்தபோது கேபிள் துளையைத் தொலைத்துவிட்டது, இரண்டு இடமும் ஒரே வைஃபை அட்டையின் தலையில் விழுந்தது. நாள் முழுக்க ஒரே மேசையில் இருப்பவர்கள் யுஎஸ்பியில் செருகும் கேபிள் அட்டை ஒன்றை வாங்கி, நிலையான எண்ணை அதற்குக் கொடுத்துவிட்டு இத்தோடு வாசிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அது சரிவராது. தராசு நிறையும் செக்ரோலும் ஒத்துப்போகாத நாளில் கணினியைத் தூக்கிக்கொண்டு, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்துக்கு ஓட வேண்டும். அங்கே வைஃபை மட்டும்தான்.

அடுத்த வழி விண்டோஸிலேயே இருக்கிறது, யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. முகவரியைத் தானாகப் பெறு என்று தேர்ந்தால்தான் பக்கத்தில் 'மாற்று அமைப்பு' என்ற இரண்டாவது தாவல் முளைக்கும். எண் கொடுக்க யாரும் இல்லாவிட்டால் இதை எடுத்துக்கொள் என்று ஆபீஸ் எண்ணை அங்கே எழுதிவைக்கலாம். வீட்டில் ரவுட்டர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். ஆபீஸில் கொடுக்க ஆள் இல்லாததால் எழுதிவைத்ததை எடுத்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு, ஆனால் யாராவது கொடுக்கிறார்களா என்று கேட்டுக் காத்திருக்கவே சில வேளை ஒரு நிமிடம் ஆகிவிடும். கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு நிமிடம் மிக நீளமானது. போதாததற்கு, ஸ்டோரில் யாரோ ஒரு சின்ன ரவுட்டரைச் செருகிவைக்க, அது தன் இஷ்டத்துக்கு எண் பரிமாறத் தொடங்கியது. மாற்று அமைப்புக்கு அதற்குப்பின் வேலையே வரவில்லை.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. சேமித்த வைஃபை ஒவ்வொன்றின் பண்புகளிலும் தனியாக முகவரி எழுதலாம். ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இதே வசதி இருக்கிறது. எனக்கு ஆபீஸ் தந்திருப்பது 10.

ஆகவே நான் இன்று பயன்படுத்துவது இரண்டு பேட்ச் கோப்புகள், அதாவது சொடுக்கினால் உள்ளே இருக்கும் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்புகள். நோட்பேடில் எழுதியவை. வலை அமைப்பை மாற்றுவதற்கென்று விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கும் நெட்ஷ் கட்டளைதான் இரண்டிலும். ஆபீஸ் கோப்பின் முதல் வரி எண்ணையும், வலையின் எல்லையைச் சொல்லும் மாஸ்க்கையும், வெளியே போகும் வாசலான கேட்வேயையும் போடும், இரண்டாவது வரி டிஎன்எஸ்ஸைப் போடும். வீட்டுக் கோப்பிலும் இரண்டு வரிகள் வேண்டும், இதைக் கவனியுங்கள்: முகவரியை டிஎச்சிபிக்குத் திருப்பினால் டிஎன்எஸ் தானாகத் திரும்பாது. அதற்கென்று தனி வரி இல்லாவிட்டால், பிங் போகும், பக்கம் திறக்காது என்ற பழைய நிலைமைதான். அட்டையின் பெயர் திரையில் இருப்பதுபோல எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். குறுக்குவழியின் பண்புகளில் நிர்வாகியாக இயக்கு என்று குறித்துவைத்தால் ஒரே சொடுக்கு, ஒரு 'ஆம்', முடிந்தது. வீட்டுக்கு வீட்டுப் படம் வைத்தேன். மடுவத்துக்குத் தராசுப் படம் தேடினேன். விண்டோஸ் கொடுக்கும் படங்களில் எனக்குக் கிடைத்தது ஒரு மரம்தான்.

நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தரமாட்டார்கள் என்றால் சண்டை பிடிக்க வேண்டாம். 'நெட்வொர்க் கன்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்' என்ற குழுவில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். முகவரி மாற்ற அந்த உரிமை போதும்.

ஆபீஸில் இணையத்துக்கு நம் சார்பில் போய்வரும் இடைத்தரகர் பிராக்ஸி. அது வேறு கதை. விண்டோஸில் அது அட்டைக்கு அட்டை மாறாது, எந்த வைஃபையில் இருந்தாலும் அதே அமைப்புதான். கையால் எழுதாமல், எப்போது பிராக்ஸி வழியாகப் போவது என்று உலாவிக்குச் சொல்லும் அமைப்பு ஸ்கிரிப்டின் முகவரியை மட்டும் கொடுத்து, அந்த ஸ்கிரிப்டை ஆபீஸ் சர்வரில் வைக்கச் சொன்னேன். ஆபீஸில் அதை வாசித்து பிராக்ஸி வழியாகப் போகிறது. வீட்டில் ஸ்கிரிப்டே எட்டாததால் உலாவி நேராக வெளியே போய்விடுகிறது. நான் தொடுவதே இல்லை.

கொழும்பில் படிக்கும் அக்கா மகன், "சித்தி, இனி எதையுமே அழுத்த வேண்டாம்" என்று, வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் ஒன்றைக் கட்டிக்கொடுத்தான். வலை இணைந்ததும் விண்டோஸ் பதியும் 10000 என்ற நிகழ்வைப் பிடித்து, வைஃபையின் பெயரைப் பார்த்து, உரிய கோப்பை அதுவே ஓட்டும். கெட்டிக்காரப் பையன். ஆனால் முகவரி மாறினால் வலை மறுபடி இணைந்ததாகப் பதிவாகும், பதிவானால் கோப்பு மறுபடி ஓடும். தென்மேற்குப் பருவக்காற்றில் மின்சாரம் கண் சிமிட்டும் மாலைகளில் அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். சம்பளக் கணக்கு நேரத்தில் கணினி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உண்மையான மருந்து ஆபீஸ் பக்கத்தில் இருக்கிறது. ரவுட்டரில் டிஎச்சிபியைத் திறந்து, என் வைஃபை அட்டையோடு பிறந்த வன்பொருள் எண்ணுக்கு (மேக் முகவரி) எப்போதும் 192.168.1.40 என்று ஒதுக்கிவிட்டால், இந்தக் கணினி எங்கு போனாலும் கேட்டு வாங்கிக்கொள்ளும். கோப்பும் வேண்டாம், படமும் வேண்டாம். கணினி பார்க்க வருபவரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் செய்வதானால், அந்த வைஃபைக்குத் தற்செயல் வன்பொருள் முகவரி அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இயங்கினால் கணினி வேறொரு எண்ணைக் காட்டும், ஒதுக்கீடு பிடிக்காது.