டிராயரில் கிடந்த பில்லும் லேவியராகமமும்

ஜனவரி முதல் தேதி வேதாகமத்தை முழுதாக வாசித்துவிடுவது என்று கிளம்புகிறவர்கள் பலர் அதன் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் படுத்துவிடுவார்கள். நானும் படுத்தவன்தான், ஒன்றல்ல, மூன்று தடவை. ஆதியாகமம் கதையாக ஓடும். யாத்திராகமத்தில் செங்கடல் வரைக்கும் சிக்கல் இல்லை. அப்புறம் வனாந்தரத்தில் கடவுளை வழிபடப் போட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, கொக்கி, திரை என்று வரும்போதே கண் சொருகும், அதையும் தாண்டினால் பலிகள், தீட்டு, குஷ்டம்.

நான் அக்கவுண்ட்ஸில் இருப்பவன். 66 புத்தகம், 1189 அதிகாரம், நாளைக்கு மூன்று அல்லது நான்கு என்று பிரித்து, கட்டம் போட்டு, வாசித்ததும் டிக் அடிப்பது எனக்கு வெகு சுகமாக இருந்தது. கட்டம் காலியாக இருந்தால்தான் உறுத்தும், வாசித்தது என்ன என்பது உறுத்தாது. ஸ்காட்லாந்து போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் தன் சபைக்காக 1842இல் போட்டுக்கொடுத்த வாசிப்பு அட்டவணையை, நாளைக்கு நான்கு அதிகாரம், இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். அதைக் கொடுத்தபோதே அவர் எச்சரித்திருக்கிறார், இது வெறும் சடங்காகிவிடலாம், வாசித்துவிட்டோம் என்கிற சுயதிருப்தி வந்துவிடலாம் என்று. எனக்கு இரண்டுமே வந்தன.

ஒரு நாள் காலை நீதிமொழிகள் 15. "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்." வாசித்தவுடன் எனக்கு எங்கள் மேனேஜர் ஞாபகம் வந்தார். இது அவருக்கென்றே எழுதினது மாதிரி இருக்கிறதே என்று, காலை வணக்கத்தோடு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். பத்தரை மணிக்கு ஒரு என்ட்ரியைத் தவறாகப் போட்டிருந்த ஜூனியர் பையனை எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் திரையில் என் வசனம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, இருந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டேன். வேதத்தை அடுத்தவனுக்காக வாசிப்பதில் நமக்கு இருக்கிற சாமர்த்தியம் வேறு எதிலும் இல்லை.

நான்காவது தடவைதான் லேவியராகமம் 19ஆம் அதிகாரம் வரை போய்ச் சேர்ந்தேன். பாதி தூக்கத்தில்தான் வாசித்தேன். 13ஆம் வசனம்: "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் என் டிராயரில் ஒரு பில் இருந்தது.

ஆபீஸைச் சுத்தம் செய்கிறவர்களின் காண்ட்ராக்டர் பில். வருகைப் பதிவு ஒன்று இணைக்கப்படவில்லை, அதனால் நிறுத்தி வைத்திருந்தேன். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஒப்பந்தத்தில் அவகாசம் இருந்தது, ஆடிட்டர் வந்தாலும் கேட்க மாட்டார். ஆனால் உண்மைக் காரணம் வேறு. போன மாதம் அந்த காண்ட்ராக்டர் என்னிடம் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டார், அலையட்டும் என்று விட்டுவிட்டேன். அலைந்தது அவர் இல்லை என்பது அன்று காலை வரை எனக்கு உறைக்கவில்லை. நாங்கள் கொடுத்தால்தான் அவர் தன் ஆட்களுக்குக் கொடுப்பார். தினமும் என் மேஜையைத் துடைத்து, என் குப்பைக்கூடையைக் காலி செய்கிற அந்த அம்மாவின் கூலி அதே மேஜையின் டிராயரில் கிடந்தது.

அடுத்த வசனம் குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே என்கிறது. எந்தக் காகிதம் குறைகிறது என்றே நான் காண்ட்ராக்டருக்குச் சொல்லியிருக்கவில்லை. பார்க்க முடியாதவன் வழியில் கல்லைப் போடுவது என்றால் இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன சொல்ல?

ஆபீஸ் போனதும் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் காகிதம் வந்தது. மாலைக்குள் பில்லை முடித்து மேனேஜரிடம் கையெழுத்துக்கு வைத்தால், "ஏன் இத்தனை நாள்?" என்று கேட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பார்ட்டி பேப்பர் தரவில்லை சார் என்று சொல்லிவிடலாம், பாதி உண்மையும்கூட. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னது சத்தியம்பண்ணுவதைப் பற்றி, ஆனால் அது என் நாக்கின் நுனியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. "என்கிட்டதான் சார் கிடந்தது" என்றேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவருடைய பிரதியுத்தரம் மெதுவாக இல்லை.

இந்த மாதிரி வசனங்களை யாரும் அழகான படத்தின்மேல் எழுதி அனுப்புவதில்லை. அனுப்புவது எரேமியா 29:11. பதவி உயர்வுக்கான நேர்காணலுக்கு முன்னால் எனக்கும் நான்கு பேர் அனுப்பினார்கள், "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம், அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் மேலே, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று இருக்கிறது. பதவி உயர்வு எனக்குக் கிடைக்கவில்லை. எப்போது வெளியேறலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த ஆபீஸிலேயே உருப்படியாக உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு, பதினொன்றாம் வசனத்தைவிட வீடு கட்டச் சொல்லும் ஐந்தும் சமாதானத்தைத் தேடச் சொல்லும் ஏழும்தான் எனக்கு உதவின.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு வாரம் பிடித்தது. கேட்டபோது அவன், பரவாயில்லை சார் என்றான். பரவாயில்லை என்கிற முகமாக அது இல்லை. இன்னும் சரியாகவில்லை, அதை நான் அவசரப்படுத்தவும் முடியாது.

இப்போது கட்டம் போட்ட தாள் இல்லை. ஒரு அதிகாரம், சில நாள் பாதி. வாசித்து முடித்ததும் இன்றைக்கு எந்த ஃபைல், எந்த ஆள் என்று கேட்டுப் பார்க்கிறேன், பல நாள் பதில் ஒன்றும் வராது. வம்சவரலாறு வாசித்த அன்று என்ன வரும்? இந்த வேகத்தில் வருஷம் முடியப் போகிறது, நான் இன்னும் ஐந்தாவது புத்தகமான உபாகமத்தில் இருக்கிறேன். போன வாரம் 24ஆம் அதிகாரம். மறுபடி அதே கூலி, இந்தத் தடவை சூரியன் அஸ்தமிப்பதற்குள் கொடுத்துவிட வேண்டுமாம்.

ஆபீஸ் போய் டிராயரைத் திறந்தேன். இரண்டு பில் இருந்தன.